ஃபெரூசா இருந்த சரிவு

சிஞ்ஞோரா எர்சிலியா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட பிறகுதான் பெனடிக்ற்றின் கைக்குக் கமெரா வந்தது. அதுவரை அவன் அந்த வீட்டில் சமைப்பது, துடைப்பது, கடைக்குப் போவது, அவருடைய பழைய பியற் காரை ஓட்டுவது என்று எல்லாவற்றுக்கும் இருந்த ஆள். வசந்தம் வந்தால் இன்னொரு வேலையும் சேரும். சிசிலியின் பலெர்மோ நகரைச் சுற்றியுள்ள மலைகளுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போவான். முக்காலியையும் பையையும் சுமந்துகொண்டு பின்னால் நடப்பான். அவர் ஏதாவது ஒரு பூவின் முன்னால் முழந்தாளிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்போது, தன் நிழல் அதில் விழாமல் ஒதுங்கி நிற்பான்.

பெனடிக்ற் சிஞ்ஞோரா, அதாவது அம்மா, என்றே அழைத்த அவர் உயர்நிலைப் பள்ளியில் இயற்கை விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்றவர். கணவர் இல்லை. ஒரே மகன் வடக்கே தொறீனோ நகரத்தில். பொலித்தேயாமா அரங்குக்குப் பின்னால் உள்ள அவருடைய வீட்டிலிருந்து, பெனடிக்ற்றும் மனைவி அமலினியும் குடியிருந்த போர்கோ வெக்கியோவுக்கு நடந்தே போய்விடலாம். மன்னாரிலிருந்து வந்த நாளிலிருந்து பெனடிக்ற் வேலை செய்தது அந்த ஒரு வீட்டில்தான்.

இடுப்பு முறிந்த வருடம் சிஞ்ஞோரா வசந்தத்தை யன்னலடியில் கழித்தார். மறுவருடம், தொண்ணூற்றாறு மே மாதம், பொல்லூன்றித் தட்டையான நிலத்தில் நடக்க முடிந்தது. மலை ஏற முடியவில்லை. ஒருநாள் காலையில் கமெராவை எடுத்துப் பெனடிக்ற்றின் கழுத்தில் மாட்டிவிட்டு, "இனி நீதான் என் கால்" என்றார். பிறகு அவன் எடுத்துவந்த ஒவ்வொரு படத்தையும் பார்த்து ஏசினார். பூவைத்தான் எடுத்திருக்கிறாய், பூச்சி எங்கே என்பார். இது பூச்சியா, புகையா என்பார். ஏச்சு வாங்கி வாங்கியே அவனுக்குக் கை படிந்தது.

அவர் தேடியது ஃபெரூசா என்ற ஒரு வண்ணத்துப்பூச்சியை. வெள்ளைச் சிறகு, அதில் மைப்பேனாவால் இழுத்ததுபோல மெல்லிய கறுப்புக் கோடுகள். சிசிலியில், அதிலும் இந்தப் பக்கத்து மலைகளில் ஒன்றிரண்டு சரிவுகளில் மட்டும்தான் அது இருப்பதாக அவர் சொல்வார். அதே வெள்ளை கறுப்பில் ஒன்றுவிட்ட தங்கைபோல இன்னொரு பூச்சியும் உண்டு. அது எங்கும் பறக்கும். சிறகை மடித்து உட்காரும்போது அடிப்பக்கத்தில் கண் மாதிரி வட்டங்கள் தெளிவாகத் தெரிந்தால் அது தங்கை. வட்டங்கள் புள்ளியளவாகச் சிறுத்திருந்தால் ஃபெரூசா. பல வருடங்களுக்கு முன்பு பியானா ஊருக்கு மேலே ஒரு சரிவில் அவர் அதைப் பார்த்திருந்தார். ஒழுங்கான படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை.

அந்த மே மாதம் முழுக்கப் பெனடிக்ற் தங்கையைத்தான் படமெடுத்துக்கொண்டு வந்தான். சிஞ்ஞோரா காரில் கதவைத் திறந்துவைத்து, காலை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவன் மாடுகள் தண்ணீர் குடிக்கும் கல்தொட்டியைத் தாண்டி, இடதுபக்கத்து ஆட்டுப்பாதையில் ஏறி, இடிந்த மதிலுக்குக் கீழே உள்ள புல்வெளியை முட்செடி முட்செடியாகத் தேடுவான். வெயில் மண்டையைப் பிளக்கும். முதலில் சலிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு கட்டத்தில் அவனுக்கே வெறி பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நிற்கும்போதுகூட பீடத்துத் துணியின் பின்னல் வேலை அவனுக்குச் சிறகுக் கோடுகளாகத் தெரிந்தது.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் அது கிடைத்தது. நனைந்த முட்செடியின் ஊதாப் பூவில் சிறகை மடித்து உட்கார்ந்திருந்தது. ஈரம் காயும்வரை அதனால் பறக்க முடியாது. பெனடிக்ற் சேற்றில் குப்புறப் படுத்து, முழங்கைகளால் ஊர்ந்து, அதன் உணர்கொம்பின் நுனி தெரியுமளவு கிட்டப் போனான். அடிப்பக்கத்து வட்டங்கள் புள்ளியளவுதான் இருந்தன. மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, பொத்தானை அமத்தினான். சிறகு மெல்லத் திறந்து வெயிலை வாங்கியபோது இன்னொரு முறை அமத்தினான். நிமிர்ந்து பார்த்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாக அந்தச் சரிவில் இன்னும் பல. எல்லாம் ஈரத்தில் ஒடுங்கி, காய்ந்துகொண்டிருந்தன.

படச்சுருளைக் கழுவக் கொடுத்து வாங்கி வந்ததும், சிஞ்ஞோரா படங்காட்டும் கருவியால் வரவேற்பறைச் சுவரில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். சுவரை நிறைத்துக்கொண்டு அந்தச் சிறகு நின்றது. அவர் பொல்லை ஊன்றி எழுந்து, சுவருக்குக் கிட்டப் போய், உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். படம் அவருடைய கையிலும் நரைத்த தலையிலும் விழுந்தது.

"இவள்தான்" என்றார். பிறகு திரும்பி, அவன் பெயரை இத்தாலிய வாயில் சொன்னார்: "பெனெடெத்தோ, அந்த இடத்தை ஒருவருக்கும் சொல்லாதே. உன் மனைவிக்கும் சொல்லாதே. வலையோடு திரிகிற ஆட்கள் இருக்கிறார்கள். அந்தச் சரிவு ஒரு கல்யாண மண்டபம் அளவுகூட வராது."

"ஓம் சிஞ்ஞோரா" என்றான், தமிழிலேயே. அந்த ஒரு சொல் அவருக்கும் தெரியும்.

ஜூன் மாதத்தில் சிஞ்ஞோராவின் இயற்கை ஆர்வலர் சங்கம் ஒரு படக் கண்காட்சி வைத்தது. ஃபெரூசாவின் படத்தைப் பெரிதாக்கி மண்டபத்தின் நடுச்சுவரில் மாட்டியிருந்தார்கள். பெனடிக்ற் கோயிலுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு அமலினியையும் கூட்டிக்கொண்டு போனான். மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக்கடைச் சமையலறையில் வேலை செய்பவள், அன்றைக்கு லீவு கேட்டு வந்திருந்தாள். படத்தின் முன்னால் நின்று வாயைப் பிளந்தாள். பிறகு குனிந்து, கீழே ஒட்டியிருந்த அட்டையை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"உங்கடை பேர் எங்கை?"

அட்டையில் பூச்சியின் பெயரும், "படம்: எர்சிலியா" என்பதும் மட்டும் இருந்தன.

"கமெரா அவவின்ரைதானே" என்றான் பெனடிக்ற்.

"அமத்தினது உங்கடை விரல். சேத்துக்கை கிடந்து வந்த சேட்டைத் தோய்ச்சது நான்."

"விடும் அமலினி. ஆக்கள் பாக்கினம்."

சிரித்து மழுப்பினான். ஆனால் அந்த அட்டையை அவன் அவளுக்கு முதலே பார்த்திருந்தான். உள்ளே நுழைந்தவுடன் தன் பெயரைத்தான் தேடியிருந்தான். சிஞ்ஞோரா மறந்திருப்பார், அல்லது அவருக்குத் தோன்றியே இருக்காது. தோன்றாமல் இருந்ததுதான் அவனைச் சுட்டது. அமலினி பழரசம் எடுக்கப் போன நேரத்தில், முத்துமாலை போட்ட ஒரு பெண்மணி அவனைப் பாராமலே தன் வெறும் கிளாசை அவன் கையில் வைத்துவிட்டுப் போனாள். அவன் அதை வாங்கிக்கொண்டான். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

அப்போதுதான் அந்த மனிதர் வந்தார். வெளிர்நிறக் கோட்டு, வெட்டிச் சீவிய தாடி, மெலிந்த உடம்பு. முதல் வேலையாக அவன் கையிலிருந்த கிளாசை வாங்கிப் பக்கத்து மேசையில் வைத்தார்.

"இந்தப் படத்தை எடுத்தவர் நீங்கள்தான் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?"

இத்தாலிய மொழியிலும் நீ என்றும் நீங்கள் என்றும் இரண்டு உண்டு. பலெர்மோவில் பெனடிக்ற்றுக்குக் கிடைத்ததெல்லாம் நீதான். சந்தையில் மீன் விற்பவனும் நீ, குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் வதிவிட அனுமதிக்கு முத்திரை குத்துபவனும் நீ, பஸ்ஸில் இடித்துக்கொண்டு ஏறும் பொடியனும் நீ. சிஞ்ஞோராவும் நீ என்றுதான் சொல்வார், அது பழகிய வாய். அந்த நீங்களைக் கேட்டதும் பெனடிக்ற்றின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"ஓம், நான்தான்."

"கங்கெமி. அவ்வொக்காத்தோ கங்கெமி" என்று கை நீட்டினார். வழக்கறிஞர் என்று அர்த்தம். "எனக்குப் பொறாமையாக இருக்கிறது, சிஞ்ஞோர் பெனெடெத்தோ. எவ்வளவு கிட்டப் போயிருக்கிறீர்கள்! அசையவேயில்லையா?"

ஐயா என்பதுபோல சிஞ்ஞோர் என்று அவனை அதுவரை ஒருவரும் அழைத்ததில்லை. பெனடிக்ற் மழையைச் சொன்னான், ஈரத்தைச் சொன்னான், குப்புறப் படுத்ததைச் சொன்னான். இத்தனை வருடத்தில் அவனுடைய இத்தாலியம் அப்படிச் சரளமாக வந்ததேயில்லை. அந்த மனிதர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். நடுவில் வந்த ஒருவரை, பொறுங்கள், கதைத்துக்கொண்டிருக்கிறோம் என்று கையைக் காட்டி நிறுத்தினார்.

"பியானா ஏரிக் கரையில்தானே? அணைக்கட்டுப் பக்கம்?"

"சீச்சீ, ஏரிக்கரையில் அது இல்லை" என்றான் பெனடிக்ற். "ஊருக்கு மேலே ஏற வேண்டும். மாடு தண்ணீர் குடிக்கிற கல்தொட்டி ஒன்று வரும். அதைத் தாண்டி இடதுபக்கம்…"

தான் எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அந்த இடத்தில் அவனுக்குத் தெரிந்துவிட்டது. மண்டபத்தின் மறுகோடியில் சிஞ்ஞோரா கதிரையில் உட்கார்ந்து யாருடனோ சிரித்துக்கொண்டிருந்தார், பொல் மடியில் கிடந்தது. அவனால் அங்கேயே நிறுத்தியிருக்க முடியும். ஆனால் பாதியில் நிறுத்தினால், எசமானி வாயைக் கட்டிவைத்திருக்கும் வேலைக்காரன் என்று இந்த மனிதருக்குத் தெரிந்துவிடும். அது ஒன்றுதான் அப்போது அவனுக்குப் பெரிதாக இருந்தது.

"இடதுபக்கம் ஓர் ஆட்டுப்பாதை. மேலே இடிந்த மதில். அதற்குக் கீழேதான்" என்று முடித்தான்.

கங்கெமி எதையும் குறித்துக்கொள்ளவில்லை. தன் பெயரட்டை ஒன்றைக் கொடுத்து, அவனுடைய முழுப் பெயரையும் ஒருமுறை எழுத்துக்கூட்டிக் கேட்டு, எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வாருங்கள் என்று இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

"ஆரது?" என்று கேட்டாள் அமலினி.

"ஒரு அவ்வொக்காத்தோ. நல்ல மனுசன். என்னோடை நிண்டு கதைச்சவர்."

சொல்லும்போது பெருமையாக இருந்தது. சிஞ்ஞோரா இருந்த பக்கம் மட்டும் அவன் திரும்பவில்லை. ஒரு மனிதர் ஒரு இடத்தைக் கேட்டார், அவ்வளவுதானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அவர் கேட்கக்கூட இல்லை, நான்தான் திருத்தினேன் என்பது நினைவுக்கு வந்தபோது, அந்த நினைவை மடக்கிவைத்தான்.

அதற்குப் பிறகு சிஞ்ஞோராவுக்குக் காய்ச்சல் வந்தது. ஜூன் கடைசியில் எழுந்து நடமாடியவுடன், சிறகு விரித்த படம் இன்னும் கொஞ்சம் தெளிவாக வேண்டும், பருவம் முடிவதற்குள் ஒருமுறை போய்வரலாம் என்றார். வழக்கம்போலக் காரைக் கல்தொட்டிக்குப் பக்கத்து ஒலிவ மரத்தடியில் நிறுத்திவிட்டுப் பெனடிக்ற் ஏறினான்.

மதிலடியில் புல் மிதிபட்டுப் படுத்துக் கிடந்தது. முட்செடிகளுக்கு இடையில் புதிதாக ஒரு தடம் விழுந்திருந்தது. ஆட்டுக்குளம்பு இல்லை, சப்பாத்து. அவன் மேலும் கீழுமாக நடந்தான். தங்கைகள் பறந்தன. ஒவ்வொன்றும் உட்காரும்வரை காத்திருந்து அடிப்பக்கத்தைப் பார்த்தான். எல்லாவற்றிலும் வட்டங்கள் கண்ணை விழித்துக்கொண்டு அவனைப் பார்த்தன. வெயில் நன்றாக ஏறியபிறகு ஒரு கல்லடியில், முக்கோணமாக மடித்த சிறு காகிதம் ஒன்றைக் கண்டான். பிரித்தால் உள்ளே ஒரு ஃபெரூசா, ஒரு சிறகு பாதியில் கிழிந்து, செத்துக் காய்ந்திருந்தது. பிடிக்கிறவர்கள் இப்படித்தான் மடித்துக் கொண்டுபோவார்கள் என்று சிஞ்ஞோரா எப்போதோ சொல்லியிருந்தார். பழுதான ஒன்றை எறிந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

காகிதத்தைத் திருப்பி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினான்.

"என்ன?" என்றார் சிஞ்ஞோரா.

"காற்று அதிகம். ஒன்றும் பறக்கவில்லை."

சிஞ்ஞோரா தலையை உயர்த்தி ஒலிவ மரத்தைப் பார்த்தார். ஓர் இலைகூட ஆடவில்லை. அவர் காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

அடுத்த ஓய்வுநாளில் பெனடிக்ற் பெயரட்டையில் இருந்த விலாசத்துக்குப் போனான். என்ன கேட்கப் போகிறோம் என்று அவனுக்கே தெரியாது. ஒருவேளை அவராக இருக்காது என்ற நினைப்பு ஒரு நூல் அளவுக்கு மிச்சமிருந்தது. கங்கெமி கதவைத் திறந்ததும் முகம் மலர்ந்து, "சிஞ்ஞோர் பெனெடெத்தோ! வாருங்கள், வாருங்கள்!" என்று தோளில் கை போட்டு உள்ளே கூட்டிப்போனார். மனைவியைக் கூப்பிட்டு, நான் சொன்னேனே, அவர்தான் இவர் என்று அறிமுகம் செய்தார். அந்த அம்மா கோப்பி கொண்டுவந்து வைத்தாள்.

அறை முழுக்க உயரமான மரப்பெட்டிகள். அவர் ஒன்றிலிருந்து கண்ணாடி மூடிய தட்டு ஒன்றை இழுத்து மேசையில் வைத்தார். வரிசை வரிசையாக ஃபெரூசாக்கள். சிறகுகளை ஒரே அளவில் விரித்து, ஒவ்வொன்றின் முதுகிலும் ஊசி குத்தியிருந்தது. அடுத்த தட்டும் அதேதான். அதற்கடுத்தது ஜெர்மனியில் இருக்கும் நண்பர்களுக்கு, மாற்றிக்கொள்வதற்கு என்றார்.

"இதைப் பாருங்கள்" என்று ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியை அவன் கையில் கொடுத்தார்.

ஒவ்வொரு ஊசியிலும், பூச்சிக்குக் கீழே, விரல் நகமளவு காகிதம் ஒன்று குத்தியிருந்தது. அதில் எறும்பு எழுத்தில் இடமும் மாதமும். கடைசி வரியில், இடத்தைக் காட்டியவர் என்று போட்டு, அவனுடைய பெயர். முழுப் பெயர். எழுத்துப்பிழை இல்லாமல்.

"எல்லாவற்றிலும் போட்டிருக்கிறேன்" என்றார் கங்கெமி. அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தார். "நாங்கள் செத்துப்போவோம், சிஞ்ஞோர் பெனெடெத்தோ. இவை ஏதாவது அருங்காட்சியகத்துக்குப் போகும். உங்கள் பெயர் இருக்கும்."

பெனடிக்ற்றின் காதும் கழுத்தும் கொதித்தன.

"பெயரை எடுத்துவிடுங்கள்" என்றான்.

"ஏன்? கூச்சப்படாதீர்கள். உழைத்தவருக்கு உரியது."

"அங்கே இப்போது ஒன்றும் இல்லை."

"வரும், வரும். பூச்சிகள்தானே." கங்கெமி தட்டை உள்ளே தள்ளினார். "எங்கள் ஆசிரியைக்குச் சொல்லிவிடாதீர்கள். சிஞ்ஞோரா எர்சிலியாவிடம்தான் நான் படித்தேன், தெரியுமா? முதல் ஊசியை எனக்குக் குத்தக் காட்டித் தந்ததே அவர்தான். இப்போது மனம் மாறிவிட்டார். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறார்."

பெனடிக்ற் எழுந்தான். கோப்பியைக் குடித்து முடித்திருந்ததை அப்போதுதான் கவனித்தான். வாசலில் அந்த அம்மாவுக்கு நன்றி என்றுகூடச் சொன்னான். படியில் இறங்கும்போது அந்த நன்றி அவன் வாயில் கசந்தது. அந்த மனிதரைத் திட்டியிருக்கலாம், தட்டைத் தூக்கி நிலத்தில் அடித்திருக்கலாம். கோப்பி குடித்து நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

மறுநாள் காலை சிஞ்ஞோராவுக்குப் பாலும் ரொட்டியும் வைத்துவிட்டு, மடித்த காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தான். அவர் பிரித்துப் பார்த்தார். அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். கண்காட்சி, கங்கெமி, ஏரிக்கரை என்று அவர் சொன்னதும் தான் திருத்தியது, மலையில் காற்றென்று பொய் சொன்னது, கண்ணாடித் தட்டுகள், அவற்றில் தன் பெயர், ஒன்றையும் விடவில்லை.

"படத்தில் என் பெயர் போடவில்லை" என்றும் ஓர் இடத்தில் சொன்னான். சொன்னதும், ஐஸ்கிரீம் கிடைக்காத குழந்தையின் குரல்போல அது அந்த அறையில் நின்றது. அதைத் திரும்ப விழுங்க முடிந்தால் விழுங்கியிருப்பான்.

"போட்டிருக்க வேண்டும்" என்றார் சிஞ்ஞோரா. "நீ கேட்டிருக்கலாம்."

பிறகு நெடுநேரம் அந்தக் கிழிந்த சிறகையே பார்த்துக்கொண்டிருந்தார். பாலில் ஆடை படிந்தது. கடைசியில் நிமிர்ந்தார்.

"நீங்கள் இன்றைக்கு வீட்டுக்குப் போகலாம், சிஞ்ஞோர் பெனெடெத்தோ."

யாரையோ கூப்பிடுகிறார் என்று அவன் திரும்பிப் பார்த்தான். பின்னால் ஒருவரும் இல்லை.

"வேலையை விட்டுவிடுகிறேன், சிஞ்ஞோரா."

"அது உங்களுக்கு வசதி. எனக்கு இல்லை. நாளைக்கு வழக்கமான நேரத்துக்கு வாருங்கள்."

பகலில் வீட்டுக்கு வந்த கணவனைக் கண்டு அமலினி கையில் இருந்த மாவோடு அப்படியே நின்றாள்.

"வேலை போட்டுதோ?"

"இல்லை."

"பிறகு ஏன் செத்த வீட்டாலை வாற மாதிரி வாறியள்?"

அவன் சொன்னான். அமலினி முதலில், ஒரு பூச்சிக்கு இவ்வளவோ என்று சொல்ல வாயெடுத்தாள், பிறகு சொல்லவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாள்.

"நான்தானே கேட்டனான், உங்கடை பேர் எங்கையெண்டு. வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்."

"நீர் கேக்க முதலே எனக்குள்ளை இருந்தது" என்றான் பெனடிக்ற். "அந்தாள் என்னட்டை ஒண்டும் பறிக்கேல்லை, அமலினி. நானாத்தான் எடுத்துக் குடுத்தனான். ஒருத்தன் நீங்கள் எண்டு சொன்னதுக்கு."

அமலினி எழுந்து போய், விட்டிருந்த மாவைத் திரும்பவும் பிசையத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாம் முறையாக நடந்தன. சிஞ்ஞோரா ஏசுவதை நிறுத்திவிட்டார். உப்புக் கூடினாலும், "பரவாயில்லை, நீங்கள் வையுங்கள்" என்பார். ஒவ்வொரு நீங்களும் பெனடிக்ற்றுக்கு ஊசியாக இறங்கியது. கமெரா அலமாரிக்குள் போனது. அவன் தூசி தட்டும்போது அந்த அலமாரியைத் தட்டாமல் கடந்துபோவான், பிறகு அதற்காகவே திரும்பி வந்து தட்டுவான். மாதாகோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது, சுவாமியார் கருணையோடு, மகனே, பூச்சி பிடிப்பது பாவமில்லை என்றார். அவன் எழுந்து வந்துவிட்டான். அவருக்கு விளங்கும்படி சொல்லத் தன்னிடம் சொல் இல்லை என்று பட்டது.

மாரிகாலத்தில் ஒரு பின்னேரம், கணப்பின் முன்னால் காலை நீட்டிக்கொண்டிருந்தபோது சிஞ்ஞோரா கேட்காமலே பேசினார். இளவயதில் தான் கொன்ற பூச்சிகளுக்குக் கணக்கே இல்லை, வகுப்புக்கு வலை கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குப் பிடிக்கக் காட்டியதும் தானேதான், கங்கெமிதான் தன் மிகச் சிறந்த மாணவன் என்றார். "அவன் அன்றைக்கு நான் சொன்னதைத்தான் இன்றைக்கும் செய்கிறான். அதுதான் அவனைப் பார்க்க முடியவில்லை."

தன்னைத் தேற்றச் சொல்கிறாரா என்று பெனடிக்ற் யோசித்தான். இல்லை, அவர் நெருப்பைப் பார்த்துத்தான் சொன்னார். அவனுக்கு ஆறுதலாகவும் இல்லை. அவருக்காவது அன்றைக்குத் தெரியாமல் செய்தோம் என்று ஒன்று இருந்தது.

மறுவருடம் மே முடிந்து ஜூன் பிறந்ததும், சிஞ்ஞோரா காரின் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். கமெராவை எடுக்கவில்லை. பியானாவுக்குப் போனார்கள். அவரை மரத்தடியில் விட்டுவிட்டுப் பெனடிக்ற் தனியே ஏறினான். புல் திரும்ப வளர்ந்து இடுப்பளவு நின்றது. மிதிபட்ட தடம் எதுவும் தெரியவில்லை. வெயில் உச்சிக்கு வரும்வரை தேடினான். மதிலுக்கு மேலேயும், அடுத்த சரிவிலும், அதற்கடுத்த பள்ளத்திலும் தேடினான். தங்கைகள் எங்கும் பறந்தன. ஒன்று, சிறகடிப்பில் கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் வெண்மையாக, பள்ளத்தைக் கடந்து போனது. அது உட்காரவில்லை. அவன் முள்ளில் கால் கிழிய ஓடினான், காணவில்லை.

இறங்கி வரும்போது ஒன்றைப் பார்த்தேன் என்று சொன்னால் என்ன என்று தோன்றியது. அந்தக் கிழவியின் முகம் எப்படி மாறும் என்றுகூடக் கண்ணுக்குத் தெரிந்தது. அது முழுப்பொய்யும் இல்லை.

"என்ன?" என்றார் சிஞ்ஞோரா.

"ஒன்று வெண்மையாகத் தெரிந்தது. உட்காரவில்லை. அதுதான் என்று என்னால் சொல்ல முடியாது. நிச்சயமாக ஒன்றையும் காணவில்லை."

அவர் தலையாட்டினார். அவனுடைய காலில் இருந்த இரத்தத்தைப் பார்த்துவிட்டு, கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

ஊருக்குள் இறங்கியதும், களைப்பாக இருக்கிறது, எதையாவது சாப்பிடலாம் என்று சந்தியிலிருந்த கடையில் நிறுத்தச் சொன்னார். இருவருக்கும் கோப்பியும் ஆளுக்கொரு கன்னோலோ இனிப்பும் வந்தன. கடைக்காரர் வாய் ஓயாத மனிதர், முகத்தில் கள்ளமில்லை. பெனடிக்ற்றின் காற்சட்டையில் ஒட்டியிருந்த புல்விதைகளைப் பார்த்துச் சிரித்தார்.

"மேலே எங்கே போய்வருகிறீர்கள்? போன வருடமும் உங்களைக் கண்டேன். மேலே அப்படி என்ன இருக்கிறது?"

பெனடிக்ற் வாயைத் திறப்பதற்கு முன்பே, பக்கத்தில் சிஞ்ஞோராவின் கரண்டி கோப்பைக்குள் நின்றுவிட்டது. அவர் திரும்பி அவனைப் பார்க்கவில்லை. சீனியைக் கலக்கிக்கொண்டிருந்த கை மட்டும் அசையாமல் காத்திருந்தது.

"காற்று வாங்கப் போனோம்" என்றான் பெனடிக்ற்.

"நல்ல காற்றுத்தான்" என்றார் கடைக்காரர்.

கரண்டி திரும்பவும் சுற்றத் தொடங்கியது. பெனடிக்ற் கன்னோலோவை எடுத்துக் கடித்தான். முகம் முழுக்கச் சூடேறியிருந்தது. சிஞ்ஞோரா அதைக் கவனிக்கக்கூடாது என்று வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டு, இனிப்பை மெல்ல மெல்ல மென்று விழுங்கினான்.